கோட்டையைக் காத்த கல்லூரி

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் அதிகம் படமெடுப்பது ஒரு சிறிய செங்கல் கொட்டகையை. அமெரிக்க அரசின் ஆயுதச்சாலைக்குச் சொந்தமான தீயணைப்பு வண்டிகளை நிறுத்துவதற்காக 1848இல் கட்டியது. 1859 அக்டோபரில், அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்துக் கலகம் மூட்ட வந்த ஜான் பிரௌன் கடைசியில் தன் ஆட்களோடு ஒதுங்கிய இடம் அதுதான் என்பதால், 'ஜான் பிரௌன் கோட்டை' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அதன் சுவரில் 1918இல் பதித்த பலகை ஒன்று இருக்கிறது. அமெரிக்க மண்ணிலிருந்து அடிமைமுறை ஒழிய வேண்டும் என்று ஜான் பிரௌனும் அவருடைய 21 தோழர்களும் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது அந்தப் பலகை. (கணக்கு சரியில்லை. ஐந்து பேர் தப்பிவிட்டார்கள். கல்லில் எழுதுகிறவர்கள் இப்படிச் சில்லறையைப் பார்ப்பதில்லை.) வாசகத்தின் முடிவில், பலகையை வைத்தவர்கள் யார் என்று குறித்திருக்கிறது: ஸ்டோரர் கல்லூரியின் முன்னாள் மாணவர்கள்.

அந்த ஊரில் ஸ்டோரர் என்ற பெயரை அதிகம் பேர் படிக்க வாய்ப்புள்ள இடம் இதுவாகத்தான் இருக்கும். அதுவும் வேறொருவருக்கு எழுப்பிய நினைவுப்பலகையின் அடியில், கையெழுத்துப் போல. பலகையை வைத்த கல்லூரி 1955இல் மூடப்பட்டது. அது இருந்த குன்றுக்குப் படியேறிச் செல்கிறவர்கள் குறைவு.

மூடிப்போன ஒரு திருச்சபைக் கல்லூரியின் நினைவு என்னவாகிறது என்று பார்க்க ஸ்டோரரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நினைவுச்சின்னம் என்றால் என்ன, அதில் என்ன எழுதலாம், எழுதக் கூடாது என்று தன் வாழ்நாளெல்லாம் சண்டை போட்ட கல்லூரி அது. மற்றவர்களின் நினைவைக் காத்தது, ஒரு முறை தடுக்கவும் செய்தது. கடைசியில் அதன் நினைவு மற்றவர் கைக்குப் போனது. இந்த வரலாற்றிலிருந்து எனக்குத் தெரிவது இதுதான்: மூடிய கல்லூரி எதற்காக நினைக்கப்படும் என்பதை அங்கே படித்தவர்கள் முடிவு செய்வதில்லை, அந்த நிலம் யார் கைக்குப் போகிறதோ அவர்கள் முடிவு செய்கிறார்கள்.

குன்றின்மேல் நான்கு வீடுகள்

பொட்டோமேக் ஆறும் ஷெனண்டோவா ஆறும் கூடும் முனையில் இருக்கிறது ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி. தாழ்வில் ஆயுதச்சாலை, ரயில் நிலையம், கடைகள். மேலே கேம்ப் ஹில் என்ற குன்றில் ஆயுதச்சாலை அதிகாரிகளின் வீடுகள். உள்நாட்டுப் போரில் ஊர் பலமுறை கைமாறி, ஆயுதச்சாலை எரிந்து, போர் முடிந்தபோது குன்றின்மேல் அந்த வீடுகள் குண்டடி பட்டுக் காலியாகக் கிடந்தன. 1865இல் நேதன் குக் பிராக்கெட் என்ற ஃப்ரீவில் பாப்டிஸ்ட் மிஷனரி, லாக்வுட் வீடு என்று பெயர்பெற்ற ஒன்றில் விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். அவர் மேய்ன் மாநிலத்துக்காரர். ஷெனண்டோவா பள்ளத்தாக்கு முழுவதும் இப்படிப் பல சிறு பள்ளிகளை மேற்பார்த்தவர்.

ஃப்ரீவில் பாப்டிஸ்ட்கள் சிறிய சபையினர். நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் வேர்விட்டவர்கள், அடிமைமுறையை வெகுகாலமாக எதிர்த்தவர்கள். அவர்களுடைய மிஷனரிகள் 1830களிலேயே ஒரிசாவுக்கு வந்து பாலசோரிலும், பின்னர் வங்காளத்தின் மிட்னாபூரிலும் பள்ளிகள் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் பணம் படைத்த சபை இல்லை. இது பின்னால் வரப்போகும் முடிவுக்கு முக்கியம்.

பணம் வந்தது மேய்னின் சான்ஃபோர்ட் ஊரைச் சேர்ந்த வணிகர் ஜான் ஸ்டோரரிடமிருந்து. 10,000 டாலர் தருகிறேன் என்றார். சும்மா இல்லை. சபையும் அதே அளவு திரட்ட வேண்டும். பள்ளி ஒருநாள் பட்டம் தரும் கல்லூரியாக வேண்டும். இனம், பால் பாராமல் எவருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். சபை பணத்தைத் திரட்டிவிட்டது. 1867 அக்டோபரில் ஸ்டோரர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது மாணவர்கள் 19 பேர். 1869 டிசம்பரில் அமெரிக்க அரசு அந்த நான்கு வீடுகளையும் பள்ளிக்கே எழுதிக் கொடுத்தது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கல்லூரி மூடியதற்கான விதை இதில் கிடக்கிறது. 'இன வேறுபாடு இல்லாமல்' என்ற சொற்களைச் சாசனத்தில் சேர்ப்பது பற்றி மேற்கு வர்ஜீனியா சட்டமன்றத்தில் 1868இல் பெரும் விவாதம் நடந்தது. சாசனம் கிடைத்தது. ஆனால் நான்கே ஆண்டுகளில், 1872இல், அதே மாநிலத்தின் புதிய அரசமைப்பு வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே பள்ளியில் கற்பிக்கப்படக் கூடாது என்று எழுதிவைத்தது. எல்லோருக்கும் என்று பிறந்த பள்ளி, மாநிலத்தின் பார்வையில் கறுப்பினத்தவருக்கான பள்ளியாயிற்று. பின்னாளில் மாநிலம் அதற்குக் கொடுத்த உதவிப்பணமும் அந்தக் கணக்கில்தான் வந்தது.

உள்ளூரில் வரவேற்பு இனிமையாக இல்லை. வடக்கிலிருந்து வந்த ஆசிரியைகள் தெருவில் வசை கேட்டார்கள். இருந்தும் பள்ளி நின்றது. கோடையில் மாணவர்கள் ஊர் திரும்பியதும் காலி அறைகளை வாஷிங்டனிலிருந்து காற்று வாங்க வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டுக் கொஞ்சம் காசு பார்த்தது. பெரிய மூலதன நிதி இல்லாத கல்லூரிகள் எப்படிப் பிழைத்தன என்பதற்கு இது நல்ல காட்சி.

அங்கே படித்தவர்களின் பட்டியல் கல்லூரியின் அளவுக்குப் பொருந்தாத பெரிய பட்டியல். மேற்கு வர்ஜீனியாவின் முதல் கறுப்பின வழக்கறிஞரும் மார்ட்டின்ஸ்பர்க்கில் பத்திரிகை நடத்தியவருமான ஜே. ஆர். கிளிஃபோர்ட் இங்கே படித்தவர். பெண்ணுரிமைக்குக் குரல் கொடுத்த கோராலி பிராங்க்ளின் குக்கும், ஜாஸ் இசையில் பெரிய குழுக்களுக்கு இசைக்கோவை எழுதும் முறையையே மாற்றிய டான் ரெட்மனும் அப்படியே. 1925இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஓர் இளைஞர் இரண்டாண்டு படித்துவிட்டு வேறு கல்லூரிகளுக்குப் போனார். பின்னாளில் நைஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவரான நாம்டி அசிக்கிவே அவர்தான்.

900 டாலர் கொட்டகை

கல்லூரியின் அறங்காவலர்களில் ஒருவர் பிரெடரிக் டக்ளஸ், அடிமையாகப் பிறந்து தப்பி வந்து அடிமை ஒழிப்புக்காகப் பேசிய கறுப்பினத் தலைவர். 1881 மே 30 அன்று பள்ளியின் பதினான்காம் ஆண்டுவிழாவில் ஜான் பிரௌனைப் பற்றி அவர் பேசினார். பேசிய ஊர் எது, மேடையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தால்தான் அந்தத் துணிவின் அளவு தெரியும். ஜான் பிரௌனுக்குத் தூக்குத்தண்டனை வாங்கிக் கொடுத்த அரசு வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஹண்டர் அதே மேடையில் இருந்தார். அடிமைக்காக என்னால் வாழ முடிந்தது, அவரால் சாக முடிந்தது என்று டக்ளஸ் சொல்லி முடித்தபின் ஹண்டர் எழுந்து கைகுலுக்கினார். அந்தப் பேச்சைச் சிறுநூலாக அச்சிட்டு, அதன் வருவாயில் ஸ்டோரரில் ஜான் பிரௌன் பெயரில் ஒரு பேராசிரியர் பதவியை நிறுவ வேண்டும் என்பது திட்டம்.

அப்போது கொட்டகை ஊரில்தான் இருந்தது. 1891இல் அதை விற்றுவிட்டார்கள். பிரித்து எடுத்துச் சென்று 1893 உலகக் கண்காட்சியின்போது சிகாகோவில் நிறுத்தினார்கள். பத்து நாட்களில் வந்து பார்த்தவர்கள் 11 பேர். கடையைக் கட்டிவிட்டார்கள். செங்கற்கள் அங்கேயே கேட்பாரற்றுக் கிடந்தன. கேட் ஃபீல்ட் என்ற பத்திரிகையாளர் முயற்சி எடுத்துப் பணம் திரட்டி, 1895இல் அதை ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கு வெளியே மர்ஃபி என்பவரின் பண்ணையில் மறுபடி எழுப்ப வைத்தார். பழைய இடத்தில் வைக்க வழியில்லை. அதன்மேல் ரயில்பாதைக்காக மண்மேடு போட்டுவிட்டார்கள்.

பண்ணைக்குள் கிடந்த அந்தக் கொட்டகையை யாத்திரைத் தலமாக்கியவர்கள் கறுப்பின மக்கள். 1896இல் கறுப்பினப் பெண்கள் சங்கத்தினர் அங்கே போனார்கள். 1906 ஆகஸ்டில் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் தலைமையில் கறுப்பினத்தவரின் சம உரிமைக்குப் போராடிய நயாகரா இயக்கம் தன் இரண்டாம் மாநாட்டை ஸ்டோரர் வளாகத்தில் நடத்தியது. முதல் மாநாடு அதற்கு முந்தைய ஆண்டு கனடா எல்லைக்குள் நடந்தது. அமெரிக்க மண்ணில் அவர்கள் கூடிய முதல் மாநாடு ஸ்டோரரில்தான். ஆகஸ்ட் 17 விடியற்காலையில் பிரதிநிதிகள் வளாகத்திலிருந்து பண்ணைக்கு நடந்தார்கள். கொட்டகையை நெருங்கியதும் செருப்பைக் கழற்றினார்கள். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் பாப்டிஸ்ட் கல்லூரி ஒன்றின் விருந்தினர்கள் தீயணைப்புக் கொட்டகை முன்னால் வெறுங்காலோடு நின்றது அந்த நாட்டில் அரிதான காட்சி.

1909இல், ஜான் பிரௌன் வந்து ஐம்பது ஆண்டு நிறைந்தபோது, ஸ்டோரர் அந்தக் கட்டடத்தை 900 டாலருக்கு வாங்கிச் செங்கல் செங்கலாகக் குன்றுக்குக் கொண்டுவந்து கட்டியது. கோடையில் அறை வாடகைக்கு விட்டுக் காலம் தள்ளிய கல்லூரி இதற்காகப் பணம் ஒதுக்கியிருக்கிறது என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே ஒரு சிறு அருங்காட்சியகம் வைத்தார்கள். முன்னாள் மாணவர்கள் 1918இல் வைத்த பலகை இந்தக் காலத்தது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அந்தக் கொட்டகை குன்றின்மேல் இருந்தது. தன் முதல் இடத்தில் இருந்ததைவிட இங்கே இருந்த காலம்தான் அதிகம்.

நிறுத்திய பலகையும் நிறுத்தாத பலகையும்

கல்லூரியின் தலைவராக 1899 முதல் 1944 வரை இருந்தவர் ஹென்றி டி. மெக்டொனால்ட். வெள்ளையர். நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரே நாற்காலியில். கொட்டகையை வாங்கியதும் அவர் காலத்தில்தான். உள்ளூர் வரலாற்றில் ஈடுபாடு கொண்டவர், ஊர்ப் பெரிய மனிதர்களோடு உறவைக் கெடுத்துக்கொள்ளாதவர். இந்த இரண்டாவது குணம் 1931இல் சோதனைக்கு வந்தது.

ஜான் பிரௌனின் ஆட்கள் ஊருக்குள் நுழைந்த இரவில் முதலில் சுட்டுக் கொன்றது ஒரு கறுப்பினத்தவரை. ஹேவர்ட் ஷெப்பர்ட், ரயில் நிலையத்தில் சுமை கையாளும் வேலை பார்த்தவர், அடிமை அல்லர். அந்தச் சாவு கலகக்காரர்களுக்கு நேர்ந்த பெரிய அவமானம், மறைக்க முடியாதது. போரில் தோற்ற தென்மாநிலங்களின் வழிவந்தவர்கள் நடத்திய இரண்டு சங்கங்கள் அந்தச் சாவைக் கையில் எடுத்துக்கொண்டு, 'விசுவாசமாக' நடந்துகொண்ட ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவரின் அடையாளம் ஷெப்பர்ட் என்று கல்லில் எழுதித் தாழ்வுப் பகுதியில் நட்டன. 1931 அக்டோபர் 10 அன்று திறப்பு விழா. ஸ்டோரர் தலைவர் மெக்டொனால்ட் வரவேற்புரை ஆற்றினார். ஸ்டோரர் மாணவர்கள் பாடினார்கள்.

பாட்டுக்குழுவை நடத்திய ஆசிரியை பேர்ல் டேட்டன், நிகழ்ச்சிநிரலில் இல்லாத ஒன்றைச் செய்தார். எழுந்து, என் தந்தை வடக்குப் படையின் நீலச் சீருடை அணிந்து என் மக்களின் விடுதலைக்காகப் போரிட்டவர் என்று அந்தக் கூட்டத்தின் முகத்துக்கு நேரே சொன்னார். தலைவர் வரவேற்ற விழாவில் அவருக்குக் கீழ் வேலை பார்த்தவர் பேசிய பேச்சு இது. ஸ்டோரரின் வரலாற்றில் பெரிய மனிதர்கள் நிறைய வந்து போகிறார்கள். எனக்கு மனத்தில் நிற்பவர் இவர்தான்.

டு போய்ஸ் தன் பத்திரிகையில் அந்த விழாவைக் கிழித்துத் தோரணம் கட்டினார். அவர் சார்ந்த கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் பதிலுக்கு ஒரு பலகை செய்தது. வாசகம் அவர் எழுதியது. குற்றமுள்ள ஒரு நாட்டை எழுப்பிய அடி இங்கே விழுந்தது என்றும், ஜான் பிரௌனோடு அடிமைகளும் அடிமைகளின் மக்களும் நின்று போரிட்டார்கள் என்றும், சிலுவையில் அறைந்தது போன்ற அவருடைய உடலைத் தாண்டி இரண்டு லட்சம் கறுப்பினப் படைவீரர்களும் நாற்பது லட்சம் விடுதலை பெற்றவர்களும் பாடிக்கொண்டு நடந்தார்கள் என்றும் அது சொன்னது. 1932 மே 21 அன்று வளாகத்தில் நின்ற கோட்டையில் அதைப் பதிப்பதற்காகச் சங்கத்தினர் வந்தார்கள். மெக்டொனால்டும் அறங்காவலர்களும் மறுத்துவிட்டார்கள். வாசகம் காரமாக இருக்கிறது, பகையை வளர்க்கும் என்பது அவர்கள் நிலை. விழா நடந்தது, பேச்சு நடந்தது, பலகை மட்டும் வந்தபடியே நியூயார்க்குக்குத் திரும்பியது.

மெக்டொனால்டுக்காக வாதாட முடியாது என்றில்லை. கல்லூரிக்கு மாநிலத்தின் பணம் வேண்டும், வடக்கிலுள்ள சபையாரின் பணம் வேண்டும், ஊராரோடு சச்சரவு இல்லாமல் இருக்க வேண்டும். பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த ஆண்டு. ஆனாலும் ஆறேழு மாதங்களுக்கு முன்னால் எதிர்த்தரப்புக் கல்லை வரவேற்றுப் பேசிய வாய்தான் இந்தக் கல்லை வேண்டாம் என்றது. காரம் அதிகம் என்ற சமாதானம் அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. அந்தக் கட்டடத்தை யாத்திரைத் தலமாக்கிய மக்களின் குரலை அதே கட்டடத்தில் பதிக்க விடாமல் தடுத்தவர், அதை விலை கொடுத்து வாங்கிக் காத்தவரே. கட்டடத்தைக் காப்பதும் அதன் பொருளைக் காப்பதும் ஒரே வேலை அல்ல.

மெக்டொனால்ட் இன்னொரு வேலையும் செய்தார். நாடாளுமன்ற உறுப்பினர் ஜென்னிங்ஸ் ராண்டால்ஃபோடு சேர்ந்து ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியைத் தேசிய நினைவிடமாக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டார். 1944இல், அவர் ஓய்வு பெற்ற அதே ஆண்டில், அதற்கான சட்டம் நிறைவேறியது. தன் கல்லூரியின் நிலத்தையும் ஒருநாள் இந்த நினைவிடமே எடுத்துக்கொள்ளும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

மூடல்

1938இல் ஸ்டோரர் நான்காண்டுப் பட்டக் கல்லூரியாயிற்று. ஜான் ஸ்டோரரின் நிபந்தனை நிறைவேற எழுபது ஆண்டுகள் ஆயின. 1944இல் முதன்முறையாக ஒரு கறுப்பினத்தவர், ரிச்சர்ட் மெக்கின்னி, தலைவரானார். ஆறு ஆண்டுகள் இருந்தார். சபை 1911இலேயே பெரிய வடக்கு பாப்டிஸ்ட் அமைப்போடு இணைந்து தன் தனி அடையாளத்தை இழந்திருந்தது. தன் பிள்ளை என்று ஸ்டோரரைத் தோளில் சுமக்க அந்தச் சிறிய சபை இல்லை. கடன் ஏறியது, மாணவர் குறைந்தார்கள்.

1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனவாரியாகப் பிரித்த பொதுப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. மேற்கு வர்ஜீனியா ஸ்டோரருக்குக் கொடுத்துவந்த உதவியை நிறுத்தியது. இனிக் கறுப்பின மாணவர்கள் மாநிலக் கல்லூரிகளுக்கே போகலாம், தனிக் கல்லூரிக்கு எதற்குப் பணம் என்பது கணக்கு. 1955 ஜூனில் கதவு அடைத்தாயிற்று.

இதை 'வெற்றியால் மூடிய கல்லூரி' என்று அழகாகச் சொல்லிவிடும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. அதே மாநிலத்தில் கறுப்பினத்தவருக்கென்று நடந்த ப்ளூஃபீல்ட், மேற்கு வர்ஜீனியா மாநிலக் கல்லூரி ஆகிய இரண்டும் தீர்ப்புக்குப் பிறகு வெள்ளை மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு இன்றும் நடக்கின்றன. அவை அரசுக்குச் சொந்தம், ஸ்டோரர் சபைக்குச் சொந்தம். வேறுபாடு அவ்வளவுதான். எல்லோருக்கும் திறந்த பள்ளி என்று 1867லேயே எழுதிவைத்திருந்த ஒன்றை, இனப் பிரிவினைக் காலத்துக் கல்லூரி என்ற முத்திரையோடு மூடிவிட்டார்கள். தீர்ப்பு ஸ்டோரரைக் கொல்லவில்லை. முன்பே இளைத்துப் போயிருந்த கல்லூரியை விட்டுவிடுவதற்கு அது எல்லோருக்கும் ஒரு மரியாதையான காரணத்தைக் கொடுத்தது.

பாகப்பிரிவினை

மூடிய கல்லூரிக்குச் சொத்து மூன்று வகை: நிலமும் கட்டடமும், பணம், தாள்கள். ஸ்டோரரில் மூன்றும் மூன்று திசைக்குப் போயின.

நிலத்தை வாங்க 1960இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. தேசிய நினைவிடங்களைப் பராமரிக்கும் தேசியப் பூங்காத் துறை கேம்ப் ஹில்லுக்கு வந்தது. பல கட்டடங்கள் இடிந்தன. முதன்மைக் கட்டடமான ஆண்டனி ஹால், பூங்கா அலுவலர்களுக்கான பயிற்சி மையமாயிற்று. மையத்துக்குத் துறையின் முதல் இயக்குநர் ஸ்டீஃபன் மேதரின் பெயர். கட்டடத்தையும் இப்போது இன்னோர் இயக்குநரின் பெயரால் வெர்த் ஹால் என்கிறார்கள். நாடு முழுவதும் உள்ள பூங்காக்களுக்குத் தகவல் பலகைகளும் வரைபடங்களும் கண்காட்சிகளும் தயாரிக்கும் மையத்தையும் அதே வளாகத்தில் 1970 வாக்கில் கட்டினார்கள். வேடிக்கையைப் பாருங்கள்: ஒரு நாட்டின் நினைவிடங்களில் என்ன எழுத வேண்டும் என்று தீர்மானிக்கும் அலுவலகம், என்ன எழுத வேண்டும் என்று 1932இல் தகராறு நடந்த அதே குன்றில் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து கோட்டை. பூங்காத் துறையின் நோக்கம் ஊரை 1859க்கும் போர்முடிவுக்கும் இடைப்பட்ட தோற்றத்துக்குத் திருப்புவது. அந்தக் கண்ணாடியில் பார்த்தால் கோட்டை குன்றின்மேல் இருப்பது பிழை. 1968இல் அதைத் தாழ்வுப் பகுதிக்கு நகர்த்தினார்கள், நான்காவது இடப்பெயர்ச்சி. முதல் இடம் மண்மேட்டுக்கு அடியில் இருப்பதால் அதிலிருந்து சுமார் 150 அடி தள்ளி வைத்தார்கள். கட்டடம் தன் வரலாற்றுக்குத் திரும்பியது என்று இதைச் சொல்வார்கள். ஜான் பிரௌனின் மூன்று நாள் வரலாற்றுக்குத் திரும்பியது உண்மை. ஸ்டோரரின் அறுபதாண்டு வரலாற்றிலிருந்து பெயர்த்தெடுத்ததும் அதே அளவு உண்மை. கல்லூரி தன் கையால் எழுப்பிய ஒரே நினைவுச்சின்னம் கல்லூரி வளாகத்தில் இல்லை.

பணமும் மற்ற சொத்தும் இரண்டு பாப்டிஸ்ட் கல்விநிறுவனங்களுக்குப் பிரிந்து போயின. ஒன்று ரிச்மண்டில் கறுப்பின மாணவர்களுக்கென்று தோன்றிய வர்ஜீனியா யூனியன் பல்கலைக்கழகம். மற்றொன்று மேற்கு வர்ஜீனியாவின் பிலிப்பி ஊரில் இருந்த ஆல்டர்சன் பிராடஸ் கல்லூரி. ஸ்டோரரின் பெயர் உதவித்தொகையாக வாழும் என்பது எதிர்பார்ப்பு. அந்த ஆல்டர்சன் பிராடஸும் பல்கலைக்கழகமாகி, கடனில் மூழ்கி, 2023இல் மூடிவிட்டது. ஒரு மூடிய கல்லூரியின் நினைவை இன்னொரு சிறு சபைக் கல்லூரியிடம் ஒப்படைத்தால் அந்த நினைவுக்கும் அதே நோய் வரும். இப்போது மூடிக்கொண்டிருக்கும் கல்லூரிகளின் அறங்காவலர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

தாள்களுக்கு நல்ல காலம். ஸ்டோரரின் பதிவேடுகளும் படங்களும் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பெரும்பகுதி இணையத்திலும் பார்க்கக் கிடைக்கிறது. கல்லூரியை நடத்தியவர்கள் எழுதியதோடு, வகுப்பில் உட்கார்ந்தவர்களின் முகங்களும் அங்கே உண்டு. நிலத்துக்கும் பணத்துக்கும் நேர்ந்ததோடு ஒப்பிட்டால், மூன்றில் உருப்படியாகக் காப்பாற்றியது இதைத்தான்.

பாகப்பிரிவினையில் சேராத ஒன்று முன்னாள் மாணவர் சங்கம். கல்லூரி இல்லாமலேயே அவர்கள் கோடையில் குன்றில் கூடினார்கள், பழைய பாட்டுகளைப் பாடினார்கள், பூங்கா அலுவலர்களிடம் தங்கள் கதையைச் சொன்னார்கள். ஸ்டோரரைப் பற்றிப் பூங்காத் துறை இன்று சொல்வதில் பெரும்பங்கு இந்த மனிதர்கள் விடாமல் வந்து நின்றதால் வந்தது. கடைசி வகுப்பில் தேறியவர்களுக்கே இப்போது தொண்ணூறு வயதைத் தாண்டியிருக்கும். புதிதாக ஒருவர் சேர வழியில்லாத சங்கம் அது.

பலகைகளின் கதைக்கு ஒரு பின்கதை இருக்கிறது. ஷெப்பர்ட் கல்லைப் பூங்காத் துறை 1970களில் அகற்றி வைத்தது, திரும்ப நட்டபின் பலகையடித்து மூடிவைத்தது, 1995இல் மூடியைக் கழற்றியது. பக்கத்தில் டு போய்ஸின் வாசகத்தையும் வைத்தது. 2006 ஜூலையில், நயாகரா மாநாட்டின் நூற்றாண்டில், தேசியச் சங்கத்தினர் மறுபடி வந்தார்கள். 1932இல் திரும்பிப் போன வாசகத்தை, கோட்டை ஒருகாலத்தில் நின்ற இடத்தில், கல்லூரி வளாகத்தில் நட்டார்கள். இடையில் 74 ஆண்டுகள். மறுக்க மெக்டொனால்ட் இல்லை, பதிக்கக் கோட்டைச் சுவரும் அங்கே இல்லை.

பூங்காத் துறையை வில்லனாக்குவது எளிது, நியாயமில்லை. அது வாங்காமல் இருந்திருந்தால் கேம்ப் ஹில் வீட்டுமனைகளாகியிருக்கும். லாக்வுட் வீடு நிற்கிறது, கல்லூரிக்குப் பக்கத்துத் தேவாலயம் நிற்கிறது, வளாகத்தில் விளக்கப் பலகைகள் இருக்கின்றன, கறுப்பினக் குரல்களுக்கென்று தாழ்வுப் பகுதியில் ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. குறை வேறிடத்தில். ஒரு பூங்காவுக்கு ஒரு தலைப்புத்தான் ஒட்டும். இங்கே ஜான் பிரௌனின் 1859 தலைப்பாகிவிட்டதால், 88 ஆண்டுகள் நடந்த பள்ளி அதன் பின்னிணைப்பாகிறது. அங்கே படித்தவர்கள் ஆசிரியர்களாகிப் பள்ளத்தாக்கிலும் மலைச் சுரங்க ஊர்களிலும் பாடம் நடத்தினார்கள் என்பதற்குத் துப்பாக்கிச் சத்தம் இல்லை, சுற்றுலாப் பயணியை நிறுத்தும் கொட்டகையும் இல்லை.

செய்யக்கூடியது பெரிய செலவில்லாத காரியம்தான். ஆண்டனி ஹாலின் பெயரைத் திருப்பிக் கொடுக்கலாம். இடித்த கட்டடங்களின் அடித்தளக் கோடுகளைப் புல்தரையில் காட்டலாம். பேர்ல் டேட்டன் எழுந்து பேசியதை ஷெப்பர்ட் கல்லுக்கு எதிரே, அவர் பெயரோடு வைக்கலாம். இதைச் செய்து தரும் அலுவலகத்தைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. நாடு முழுவதற்கும் பலகை தயாரிக்கும் இடம் அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது.